போறணை சும்மா நின்ற ஐம்பது நிமிடங்கள்
உற்பத்தியைத் திட்டமிட உதவும் பெட்ரி வலை

ஓடர் கூடி, கொடுத்த நேரத்துக்குப் பொருள் கொடுக்க முடியாமல் போகும்போது நம்மவர்களுக்கு முதலில் தோன்றுவது, இன்னொரு மெஷின் வாங்க வேண்டும் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2017இல் எனது பேக்கரிக்கு இரண்டாவது போறணை ஒன்று வாங்குவதற்கு கொட்டேஷன் எடுத்து, லீசிங் பத்திரத்தில் கையொப்பமிட நாளும் குறித்துவிட்டேன். அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பாக, உற்பத்திப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மருமகன் விடுமுறையில் வீட்டுக்கு வந்தான். மா மூட்டையின் உட்புறக் கடுதாசியை விரித்து, வட்டமும் கோடும் வரைந்து, அதன்மேல் புளியங்கொட்டைகளை வைத்து நகர்த்தினான். அன்று இரவு பார்த்தது வர்த்தகர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த வாரம் அதை எழுதுகிறேன். அதன் பெயர் பெட்ரி வலை.

முதலில் எனது பிரச்சினை. நாங்கள் முக்கியமாகச் செய்வது பணிஸ். பத்துத் தட்டுக்கள் பிடிக்கும் மின் போறணை ஒன்று இருந்தது. பத்துத் தட்டுக்களைச் சுமக்கும் சக்கர ட்ரொலிகள் நான்கு. ஒரு தட்டில் 24 பணிஸ், ஆகவே ஒரு ட்ரொலிக்கு 240. அதிகாலை 4 மணிக்கு வேலை தொடங்கும். நான் கடைக்குள் வருவது 6.20 மணியளவில். வரும்போதெல்லாம் ஒரே காட்சி. போறணைக்குள் ஒரு ட்ரொலியின் தட்டுக்கள் வெந்துகொண்டிருக்கும். வாசலில் இன்னொரு ட்ரொலி நன்றாகப் பொங்கி, உள்ளே போக இடமில்லாமல் காத்திருக்கும். பொங்கிய மா அளவுக்கு மீறி நின்றால் அமுங்கிவிடும், பணிஸ் தட்டையாக வரும். பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். "முதலாளி, போறணை பத்தாது" என்பார். கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

அந்த வருடம் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் மூன்றுக்கு காலை 10 மணிக்கு முன் பணிஸ் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, இரண்டை இழந்தேன். போறணை வாங்கும் முடிவு அதன்பிறகு எடுத்ததே.

மருமகன் முதலில் கேட்டது போறணையைப் பற்றியல்ல.

"மாமா, ட்ரொலி எத்தனை இருக்கு?"

"நாலு. அதுக்கென்ன?"

"ஒரு ட்ரொலி வெறுமையா மேசைக்கு வந்து, திரும்ப வெறுமையா மேசைக்கு வர எவ்வளவு நேரம் போகுது?"

என்னிடம் பதில் இல்லை. பாஸிடமும் இல்லை. பன்னிரண்டு வருடமாக அந்த ட்ரொலிகள் எங்கள் கண் முன்னால் உருண்டுகொண்டிருந்தன. ஒருநாளும் நேரம் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு காலையும் அவன் கைக்கடிகாரத்துடன் நின்றான். பாஸ் சொன்ன நேரமும் கடிகாரம் சொன்ன நேரமும் ஒன்றாக இருக்கவில்லை. பணிஸ் வேக 20 நிமிடம் என்றார் பாஸ். கதவைத் திறந்து தட்டுக்களை அடுக்கி, வெந்ததும் வெளியே எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 25. ஆறுவதற்கு "கொஞ்ச நேரம்" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் 35 நிமிடமாக இருந்தது. இறுதியில் கிடைத்த கணக்கு இதுதான்: மேசையில் உருட்டித் தட்டில் வைக்க 20 நிமிடம், பொங்க 60, சுட 25, ஆற 35, தட்டைக் காலி செய்து துடைத்து எண்ணெய் பூச 10. மொத்தம் 150 நிமிடம். மா பிசையும் மெஷின் 30 நிமிடத்தில் இரண்டு ட்ரொலிக்குப் போதுமான மாவைக் கொடுக்கும்.

இனி வலைக்கு வருவோம். அதில் இருப்பவை மிகச் சில பொருட்களே. ஒரு வட்டம் என்பது ஒரு நிலை: "வெறும் ட்ரொலி", "மேசை ஓய்வு", "பிசைந்த மா தயார்", "பொங்கிய ட்ரொலி", "போறணை ஓய்வு" என்பன போல. ஒரு கட்டையான கோடு என்பது ஒரு வேலை: உருட்டுதல், பொங்க விடுதல், சுடுதல், ஆற விடுதல். வட்டத்திலிருந்து கோட்டுக்கும், கோட்டிலிருந்து வட்டத்துக்கும் அம்புக்குறிகள் போகும். வட்டத்திலிருந்து வட்டத்துக்கு நேரே அம்பு போகாது, இடையில் ஒரு வேலை இருந்தாக வேண்டும். வட்டத்துக்குள் வைக்கும் புளியங்கொட்டை, அந்த நிலையில் இப்போது எத்தனை பொருள் இருக்கிறது என்பதைக் காட்டும். "வெறும் ட்ரொலி" வட்டத்தில் நான்கு கொட்டை. "போறணை ஓய்வு" வட்டத்தில் ஒன்று.

விதியும் ஒன்றே ஒன்றுதான். ஒரு கோட்டுக்குள் வரும் அம்புகள் எந்தெந்த வட்டத்திலிருந்து வருகின்றனவோ, அவை எல்லாவற்றிலும் கொட்டை இருந்தால் மட்டுமே அந்த வேலை நடக்கும். நடக்கும்போது அந்த வட்டங்களிலிருந்து ஒவ்வொரு கொட்டையை எடுத்து, வெளியே போகும் அம்புகள் சேரும் வட்டங்களில் ஒவ்வொன்றை வைக்க வேண்டும். உருட்டும் வேலை தொடங்க பிசைந்த மா வேண்டும், மேசை வேண்டும், வெறும் ட்ரொலி வேண்டும். மூன்றில் எது இல்லாவிட்டாலும் வேலை தொடங்காது. மாவும் ஆட்களும் தயாராக இருந்தும் மேசை நின்றுவிடுவது ஏன் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அம்புக்கு எண்ணும் போடலாம். பிசையும் கோட்டிலிருந்து போகும் அம்பில் 2 என்று எழுதினான் மருமகன், ஒருமுறை பிசைந்தால் இரண்டு ட்ரொலிக்கு மா வரும் என்பதால்.

சுவரில் தொங்கவிடும் நேர அட்டவணையை நாமெல்லாம் அறிவோம். எந்த வேலை எத்தனை மணிக்கு என்று அது காட்டும். அந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது என்பதை அது காட்டாது. ஒரு வேலை பிந்தினால் அட்டவணை முழுவதும் பொய்யாகிவிடும். வலையோ நேரத்தைப் பற்றி அல்ல, எது இருந்தால் எது நடக்கும் என்பதைப் பற்றியே முதலில் பேசுகிறது. நேரத்தைப் பின்னர் கோட்டின் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இதைக் கண்டறிந்தவர் கார்ல் அடம் பெட்ரி என்ற ஜேர்மனியர். 1926இல் லைப்சிக் நகரில் பிறந்தவர். 1939 ஓகஸ்ட் மாதத்தில், தமது 13ஆவது வயதில், இரசாயன மாற்றங்களை நினைவில் வைப்பதற்காக இந்த வட்டங்களையும் கோடுகளையும் வரையத் தொடங்கியதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இரண்டு பொருள் சேர்ந்து மூன்றாவது பொருள் உண்டாவதும், மாவும் ட்ரொலியும் சேர்ந்து பணிஸ் உண்டாவதும் அமைப்பில் ஒன்றுதானே! 1962இல் வெளியான அவரது ஆய்வேடு தானியங்கிகளுடன் தொடர்புகொள்வதைப் பற்றியது. 2010இல் காலமானார். தொழிற்சாலைக்காரர்கள் இதைப் பெருமளவில் கையில் எடுத்தது 1970களிலும் 80களிலுமாகும். பிரான்சில் 1977இல் இதிலிருந்து உருவாக்கப்பட்ட கிராப்செட் என்ற வரைபட முறை 1988இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் நியமமாகவும் ஆனது. தானியங்கி மெஷின்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவோர் அதன் வழிவந்த முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெரிய தொழிற்சாலைகளின் விடயம் அது. நமக்கு ஒரு கடுதாசியும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும்.

இனி எங்கள் காலை வேலையை வலையில் ஓட்டிப் பார்ப்போம். நாங்கள் அன்றிரவு செய்ததும் இதுதான். கடையில் ஒரு வாரம் நின்றாலும் தெரியாதது மேசையில் கால்மணி நேரத்தில் தெரிந்தது.

4.00 மணிக்கு முதல் ட்ரொலி மேசைக்கு வருகிறது. 4.20க்கு உருட்டி முடிந்து பொங்கப் போகிறது. 5.20க்குப் போறணைக்குள் போகிறது. இரண்டாவது 5.40க்குத் தயார், ஆனால் போறணை 5.45க்குத்தான் ஓய்கிறது. ஐந்து நிமிடக் காத்திருப்பு. மூன்றாவது 6.00க்குத் தயார், 6.10க்கு உள்ளே போகிறது. நான்காவது 6.20க்குத் தயார், 6.35க்கு உள்ளே. நான் கடைக்குள் நுழைவது அந்த 6.20க்கு! தினமும் நான் கண்டது இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான்.

நான்காவது ட்ரொலி 7.00 மணிக்கு வெளியே வருகிறது. அதற்குப் பிறகு? முதல் ட்ரொலி ஆறி, காலியாகி மேசைக்குத் திரும்புவதே 6.30க்கு. அதில் உருட்டி, பொங்க வைத்து, போறணைக்குக் கொண்டுவரும்போது 7.50 ஆகிவிடும். ஆகவே 7.00 முதல் 7.50 வரை போறணை சூடாக, வெறுமையாக நிற்கிறது. பின்னர் 9.30 வரை நூறு நிமிடம் ஓயாத வேலை. மறுபடி 10.20 வரை ஐம்பது நிமிடம் சும்மா. நாள் முழுவதும் இதே சுற்று. அந்த ஐம்பது நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன்? முன்பக்கத்தில் வேன்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாஸ் தேநீர் குடிக்கப் போயிருப்பார். போறணைக்கு ஓய்வு என்று அவரும் நினைத்திருக்கிறார், அதில் தவறு ஒன்றும் இல்லை.

வலையின் அடுத்த பயன் கணக்கு. வலையில் சுற்றி வரும் பாதைகளைத் தேட வேண்டும். ட்ரொலி மேசையில் தொடங்கி மேசைக்கே திரும்புகிறது, அது ஒரு சுற்று. போறணை ஓய்விலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து ஓய்வுக்கும் போகிறது, அது இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மொத்த நேரத்தை, அந்தச் சுற்றில் உள்ள கொட்டைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எந்தச் சுற்றுக்கு மிகப் பெரிய விடை வருகிறதோ, அந்த வேகத்தில்தான் முழுத் தொழிற்சாலையும் ஓடும். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ராம்சந்தானி என்ற ஆய்வாளர் நேரம் சேர்த்த பெட்ரி வலைகளுக்குக் காட்டிய முடிவு இது. ஒரு வட்டத்திலிருந்து இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற தெரிவு இல்லாத வலைகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

எங்கள் கணக்கு: பிசையும் மெஷின் ஒரு ட்ரொலிக்கு 15 நிமிடம். மேசை 20. போறணை 25. ட்ரொலிச் சுற்று 150 நிமிடம், ட்ரொலிகள் நான்கு, ஆகவே 37.5 நிமிடம். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 37.5 நிமிடத்துக்கு ஒரு ட்ரொலிக்கு மேல் இந்தப் பேக்கரியில் வராது, யார் தலைகீழாக நின்றாலும்.

நான் மருமகனிடம் கேட்டேன், "சரி, போறணை ரெண்டு போட்டா?" அவன் பதில் சொல்லவில்லை. "போறணை ஓய்வு" வட்டத்தில் இன்னொரு கொட்டையை வைத்துவிட்டு, "ஓட்டிப் பாருங்க மாமா" என்றான். ஓட்டினேன். காலையில் காத்திருந்த பதினைந்து நிமிடம் இல்லாமல் போயிற்று. பணிஸ் தட்டையாவது நின்றிருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் முதல் ட்ரொலி மேசைக்குத் திரும்புவது அதே 6.30க்குத்தான். பிற்பகல் 2 மணி வரை போட்டுப் பார்த்தால் பழைய 14க்குப் பதிலாக 15 ட்ரொலியே வருகிறது. ஐந்து வருட லீசிங் கட்டி, மின்கட்டணத்தைக் கூட்டி, ஒரே ஒரு ட்ரொலி பணிஸ்தான் அதிகம். அந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

பின்பு போறணையைப் பழையபடி ஒன்றாக்கி, ட்ரொலிக் கொட்டைகளை ஆறாக்கினோம். 150ஐ ஆறால் வகுத்தால் 25. போறணையின் வேகமும் 25. இப்போது போறணை ஓயாமல் ஓடுகிறது, 2 மணிக்குள் 20 ட்ரொலி.

இதோடு நிறுத்தியிருந்தால் வேறொரு வம்பில் மாட்டியிருப்போம். மேசையில் இருப்பவர்கள் வேகமானவர்கள். 20 நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு ட்ரொலியையும் நிரப்பிவிடுவார்கள். போறணை 25 நிமிடத்துக்கு ஒன்றைத்தான் விழுங்கும். ஆறாவது ட்ரொலி போறணை வாசலில் 25 நிமிடம் காத்துக் கிடக்கும், முன்பு பதினைந்து நிமிடத்துக்கே அமுங்கிய மா இன்னும் மோசமாகும். உற்பத்தி கூடும், பொருள் கெடும். ட்ரொலி வாங்கும் யோசனையைச் சொன்னதும் பாஸ் முதலில் சொன்ன ஆட்சேபணை இதுவே. வலை வரையத் தெரியாத மனிதர் சரியான இடத்தில் விரல் வைத்தார்.

இதற்கு மருமகன் போட்ட வைத்தியம் ஒரு வட்டம், இரண்டு அம்பு. "அனுமதி" என்று ஒரு வட்டத்தை வரைந்தான். மேசையில் உருட்டத் தொடங்கும்போது அதிலிருந்து ஒரு கொட்டை போகும். ஒரு ட்ரொலி போறணைக்குள் நுழையும்போது ஒரு கொட்டை அதற்குத் திரும்பி வரும். அதாவது போறணை ஒன்றை எடுத்தால்தான் மேசை அடுத்ததைத் தொடங்கலாம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தைஇச்சி ஓனோ 1950களில் கொண்டுவந்த கன்பன் அட்டை முறை இதே கருத்துத்தான். பின்னால் இருப்பவன் எடுத்ததற்கு ஈடாக மட்டுமே முன்னால் இருப்பவன் செய்ய வேண்டும். அமெரிக்க சுப்பர் மார்க்கட்டுகளில் அலுமாரியில் குறைந்ததை மட்டும் நிரப்புவதைப் பார்த்து இந்த எண்ணம் வந்ததாக ஓனோ சொல்லியிருக்கிறார். கன்பன் அட்டைக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது சிவப்புச் சாயம் பூசிய பலகைத் துண்டு.

எத்தனை துண்டு? இங்கேதான் திட்டமிடல் என்பது தெரிவு செய்யும் வேலையாகிறது. துண்டு மேசையில் தொடங்கிப் போறணை வாசல் வரை போக 20 நிமிடமும் 60 நிமிடமுமாக 80 நிமிடம். நான்கு துண்டு என்றால் 80ஐ நான்கால் வகுக்க 20, போறணையைப் பட்டினி போடாது. ஆனால் காலையின் முதல் சுற்றில் ட்ரொலிகள் வாசலில் 20 நிமிடம் வரை காத்து நிற்கும். மூன்று துண்டு என்றால் ஒரு ட்ரொலிக்கு 26.7 நிமிடம். போறணை மூன்று ட்ரொலிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சும்மா நிற்கும். ஆனால் காலையின் முதல் சுற்றுக்குப் பிறகு எந்த ட்ரொலியும் வாசலில் காத்திருக்காது. 2 மணிக்குள் 20க்குப் பதிலாக 19 வரும். நான் மூன்றைத் தெரிவு செய்தேன். ஒரு ட்ரொலியை விட்டுக்கொடுத்து எல்லாப் பணிஸையும் ஒரே தரத்தில் கொடுப்பது எனக்கு இலாபமாகப் பட்டது. மேலும் மூன்று துண்டில் ஆறு ட்ரொலிகளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பத்து நிமிட மூச்சு விடும் இடைவெளி கிடைக்கிறது. யாராவது ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டாலும் சங்கிலி அறாது.

லீசிங் நிறுவனத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ட்ரொலி இரண்டும் தட்டு இருபதும் எங்கள் ஊர் ஒட்டு வேலைக்காரரிடம் செய்வித்தேன். அதற்குக் கொடுத்த பணம், லீசிங்கில் முதல் தவணையோடு கேட்ட முற்பணத்தைவிடக் குறைவு. கணக்கில் 19 ட்ரொலி, நடைமுறையில் 18 வந்தது. முன்பு 3,360 பணிஸ், பிறகு 4,320. இழந்த சிற்றுண்டிச்சாலைகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வேறிடத்தில் பழகிவிட்டது.

அடுத்த மாதம் வலை இன்னொரு விடயத்தைக் காட்டியது. பாடசாலையொன்றின் விளையாட்டுப் போட்டிக்கு பாணும் பணிஸும் பெரிய ஓடர். காலை 9 மணியளவில் பேக்கரி முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் இருக்கிறது, மா இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சத்தம் போடுகிறார்கள், வேலை மட்டும் நகரவில்லை. நாற்பது நிமிடம் போனது. வேன் சாரதி, பாண் வராமல் போக மாட்டேன் என்கிறார். பாணுக்கு உருட்டிய மாவை வைக்க வெறும் ட்ரொலி இல்லை. ட்ரொலிகளில் ஆறிய பணிஸ் நிறைந்திருக்கிறது, அதைக் கொட்டக் கூடை இல்லை. வெறும் கூடைகள் கடைகளில் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவர வேண்டியது வேன். வேன் பாணுக்காக நிற்கிறது!

இதில் யாரும் சோம்பேறி இல்லை. ஒவ்வொருவரும் நியாயமான ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். பெட்ரி வலையில் இந்த நிலைக்கு முட்டுக்கட்டை என்று சொல்லலாம்: கொட்டைகள் வலையில் இருக்கின்றன, ஆனால் ஒரு கோட்டுக்குக்கூடத் தேவையான எல்லாம் சேர்ந்து கிடைக்கவில்லை. தானே இயங்கும் பெரிய தொழிற்சாலைகளில் ரோபோ ஒன்று மெஷினுக்காகவும் மெஷின் அந்த ரோபோவுக்காகவும் காத்து இப்படியே உறைந்துபோவதுண்டு. அதை முன்கூட்டியே வலையில் கண்டுபிடித்துத் தடுக்கும் முறையை ஸ்பெயினின் ஸரகோசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டார்கள். அதன்பின் அது பற்றிய ஆய்வுகள் பெருகின.

அன்று மாலை வேனையும் கூடையையும் சேர்த்து வலையை நான்தான் வரைந்தேன், தொலைபேசியில் மருமகன் சொல்லச் சொல்ல. இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, பேக்கரியை விட்டு வெளியே போகாத கூடைகள் ஒரு டசின் வைத்திருப்பது. ஆனால் இன்னும் பெரிய ஓடர் வந்தால் அந்தக் டசினும் நிறைந்து அதே முடிச்சு விழும். மற்றது, வலையில் பாணிலிருந்து வேனுக்குப் போகும் அம்பை அழிப்பது. அதாவது நேரம் வந்தால் இருப்பதை ஏற்றிக்கொண்டு வேன் போக வேண்டும், பாண் அடுத்த சுற்றில் போகும். அம்பை அழித்தோம். கூடையும் ஒரு டசின் வாங்கினேன், மனசு கேட்கவில்லை.

நீங்களே வரையப் போகிறீர்கள் என்றால் ஓரிரு விடயம். மெஷின்களை மட்டும் வரையாதீர்கள். திரும்பத் திரும்பப் பயன்படும் எல்லாவற்றையும் வரையுங்கள்: தையல் வேலையென்றால் வெட்டிய துணியைக் கட்டி வைக்கும் பெட்டி, அச்சகமென்றால் தாள் அடுக்கும் பலகை, தளபாட வேலையென்றால் பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி. சிக்கல் பெரும்பாலும் விலை குறைந்த பொருளில்தான் ஒளிந்திருக்கும், விலை கூடியதை நாம் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பதால். நேரத்தை ஊழியரிடம் கேட்காமல் நீங்களே கடிகாரம் வைத்துப் பாருங்கள். கேட்டால் அவர்கள் வேலை நேரத்தைச் சொல்வார்கள், காத்திருந்த நேரத்தை யாரும் நேரமாகவே எண்ணுவதில்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வட்டம் வரை கடுதாசி தாங்கும். பாண், பணிஸ், கேக், மாலு பணிஸ் எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டால் அம்புகள் நூல்கண்டாகிவிடும். அதற்கு நிறமிட்ட கொட்டைகளைப் பயன்படுத்தும் வலைகள் உண்டு. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் கேர்ட் ஜென்சன் குழுவினர் வளர்த்தெடுத்த முறை அது. அதற்கென அங்கே உருவான சீ.பீ.என். டூல்ஸ் என்ற மென்பொருளும் உண்டு. ஆனால் அதைக் கையாளப் படித்த ஒருவர் வேண்டும். மழை நாளில் மா பொங்க 60 நிமிடம் போதாது, 75 போகும். நான் எழுதிய எண்கள் அன்றைக்குப் பொருந்தா. எல்லாவற்றிலும் பெரிய எல்லை, எவ்வளவு செய்ய முடியும் என்று வலை சொல்லுமே தவிர எவ்வளவு விற்கும் என்று சொல்லாது. 4,320 பணிஸ் செய்யலாம் என்பதற்காக முதல் வாரம் எல்லாவற்றையும் செய்து, மூன்று நாள் மிச்சத்தை ரஸ்க் ஆக்கியவன் நான்.

மெதுவான சுற்று ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, வலையில் "மின்சாரம்" என்று ஒரு வட்டம் போட்டேன். கரண்ட் வரும் நேரத்துக்கு 80 நிமிடம் முன்பே மேசையில் வேலை தொடங்கியிருக்க வேண்டும், கரண்ட் போக 25 நிமிடத்துக்கு முன் கடைசித் தட்டு உள்ளே போயிருக்க வேண்டும் என்று வலையிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட்டோம். மாவைக் கையால் பிசைந்தோம். அந்த மாதங்களில் இரண்டு ட்ரொலிகள் மூலையில் கிடந்தன. ஆறு ட்ரொலிக்கு அன்றைக்கு மாவும் இல்லை, கரண்டும் இல்லை.

இப்போது மீண்டும் ஆறும் ஓடுகின்றன. மா மூட்டைக் கடுதாசி எண்ணெய்க் கறையோடு போறணைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. போன மாதம் பாஸ் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் கூடுதலாக வரைந்திருப்பதைக் கண்டேன். உள்ளே "சீனிப்பாகு ஆறியது" என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, பணிஸுக்கு மேலே பூசும் பாகு ஆறாமல் ட்ரொலி காத்து நிற்கிறது, முதலாளி பார்க்கவில்லையா என்றார். நேரம் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம்.